பாதிரிச் சிலந்திக்குப் பெயர் வைத்த பள்ளி ஆசிரியர்

சிலந்தி என்றால் வலை, வலை என்றால் சிலந்தி என்று உலகம் முழுவதும் பழகிப் போயிருக்கிறது. ஆனால் வலையே பின்னாத சிலந்திகளும் எத்தனையோ உண்டு. அவை வேட்டை நாயைப் போலத் தரையில் ஓடித் திரிந்து இரையைப் பிடிக்கின்றன. பகற்பொழுதைக் கல்லுக்கு அடியிலும் மரப்பட்டையின் இடுக்கிலும் நூலால் ஒரு சிறு பை அமைத்துக்கொண்டு அதற்குள் கழிக்கின்றன. இருட்டியதும் வெளியே கிளம்புகின்றன. இவற்றுக்குத் தரைச் சிலந்திகள் என்று பெயர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த வகையைச் சேர்ந்த ஒரு சிலந்தி வீடுகளுக்குள்ளும் வந்துவிடும். அதன் உடல் கறுப்பு. முதுகின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. பழைய காலத்துக் கிறிஸ்தவப் பாதிரிமார் கறுப்பு அங்கியின்மேல் கழுத்திலிருந்து தொங்கவிட்ட வெள்ளைத் துணியைப் போலவே அது தோன்றும். ஆகவே ஜனங்கள் அதைப் பாதிரிச் சிலந்தி என்று அழைக்கிறார்கள். பெண் சிலந்தியின் உடல் ஒரு சென்டிமீட்டர் அளவு இருக்கும். விளக்கு வெளிச்சம் பட்டால் வளைந்து வளைந்து ஓடி ஒளிந்துகொள்ளும்.

இதன் விஞ்ஞானப் பெயர் ஹெர்பில்லஸ் எக்ளிசியாஸ்டிகஸ். முதற்சொல் பேரினத்தின் பெயர். ஊர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவுடையது. இரண்டாவது சொல், திருச்சபையைச் சேர்ந்தவன் என்று பொருள்படும். இந்த இரண்டு பெயர்களையும் 1832-ம் ஆண்டில் சூட்டியவர் நிக்கலஸ் மார்செல்லஸ் ஹென்ட்ஸ். அவர் பிரெஞ்சு மொழி கற்பித்துப் பிழைத்த ஒரு பள்ளி ஆசிரியர். இன்று சிலந்தி ஆராய்ச்சியாளர்கள் அவரை அமெரிக்கச் சிலந்தி இயலின் தந்தை என்று போற்றுகிறார்கள். ஆனால் அவர் கட்டிய பெரும் வீட்டில் இன்று பழைய குடிகளில் பலர் இல்லை. பிற்காலத்து விஞ்ஞானிகள் அவர்களை வேறு வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயினும் ஹென்ட்ஸின் பெயர் அழியவில்லை. அது எப்படி?

சிற்றோவியம் கற்ற சிறுவன்

ஹென்ட்ஸ் பிறந்தது பிரான்சு நாட்டில், வெர்சேல்ஸ் நகரில், 1797-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி. அவருடைய தந்தை வழக்கறிஞர். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பான அரசியலில் ஈடுபட்டவர். புரட்சி அடங்கி நெப்போலியன் ஆட்சிக்கு வந்த காலத்தில்தான் சிறுவன் நிக்கலஸ் வளர்ந்தான்.

இளமையிலேயே அவனுக்கு ஓவியத்தில் நாட்டம் இருந்தது. அப்போது புகைப்படக் கலை பிறக்கவில்லை. வசதியுள்ளவர்கள் தங்கள் முகத்தை உள்ளங்கை அளவுக்கும் சிறிதாக வரையச் செய்து பதக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சிற்றோவியக் கலையை நிக்கலஸ் பாரிஸில் கற்றுத் தேர்ந்தான். மயிரிழை போன்ற தூரிகையால், கண்ணிமையின் ஒவ்வொரு கோட்டையும் தவறில்லாமல் தீட்டும் வித்தை அது. பின்னால் அந்த வித்தை என்ன காரியத்துக்குப் பயன்படப் போகிறது என்று அப்போது யார் கண்டார்கள்?

ஓவியத்துக்குப் பிறகு அவர் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். படிப்பு முடியவில்லை. 1815-ம் ஆண்டில் நெப்போலியன் வீழ்ந்தான். பழைய மன்னர் வம்சம் திரும்பி வந்தது. புரட்சியில் கலந்துகொண்டவர்களுக்கு நாட்டில் இடமில்லாமல் போயிற்று. 1816-ம் ஆண்டில் ஹென்ட்ஸ் குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சென்று, பென்சில்வேனியா மாநிலத்தில் வில்க்ஸ்பார் என்ற ஊரில் குடியேறியது.

புதிய நாட்டில் பத்தொன்பது வயது வாலிபருக்குப் பிழைக்க வழி என்ன? தாய்மொழியும் தூரிகையும்தான் கைம்முதல். பாஸ்டன், பிலடெல்பியா முதலிய இடங்களில் பிரெஞ்சும் சிற்றோவியமும் கற்பித்தார். தெற்கே சார்ல்ஸ்டன் நகரை அடுத்த சல்லிவன் தீவில் ஒரு செல்வர் வீட்டிலும் ஆசிரியராக இருந்தார். பிறகு ஹார்வர்ட் சர்வகலாசாலையில் மருத்துவச் சொற்பொழிவுகளைக் கேட்டார். அங்கும் பட்டம் பெறவில்லை. மருத்துவர் ஆகும் எண்ணத்தைக் கைவிட்டார்.

ஆனால் அந்த அரைகுறை மருத்துவப் படிப்பு வீண்போகவில்லை. உயிர்களை அறுத்துப் பார்த்து உறுப்புகளை ஆராயும் பழக்கத்தை அது அவருக்குக் கொடுத்தது. அமெரிக்க முதலையின் உடலமைப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை, பிலடெல்பியாவின் அமெரிக்க தத்துவக் கழகம் வெளியிட்டது.

காய்ச்சலுக்குச் சிலந்தி நூல்

ஹென்ட்ஸின் முதல் சிலந்திக் கட்டுரை 1821-ம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குக் காரணம் ஒரு நாட்டு மருந்து. அக்காலத்து அமெரிக்க மருத்துவர்கள் சிலர், காய்ச்சல் நோயாளிகளுக்குச் சிலந்தியின் நூலை உருட்டிக் கொடுத்து வந்தார்கள். அது நோயாளியை அமைதிப்படுத்தும் என்று நம்பினார்கள். எந்தச் சிலந்தியின் நூல் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நிலவறைகளிலும் இருட்டான மூலைகளிலும் அந்த வலையைப் பின்னும் சிலந்தியைப் பிடித்து, வரைந்து, விவரித்து, அதற்கு டெஜனேரியா மெடிசினாலிஸ் என்று ஹென்ட்ஸ் பெயரிட்டார். மருந்துச் சிலந்தி என்று பொருள். மருந்தின் மீது இருந்த நம்பிக்கை பிற்காலத்தில் போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த ஆர்வத்துக்கு உறுதுணையாக ஒரு நண்பர் வாய்த்தார். அவர் தாடியஸ் வில்லியம் ஹாரிஸ். தொழிலால் மருத்துவர், 1831-ம் ஆண்டிலிருந்து ஹார்வர்டின் நூலகர். பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். ஹென்ட்ஸ் எந்த ஊரில் இருந்தாலும் ஹாரிஸுக்குக் கடிதம் போகும். வண்டுகளைப் பற்றியும் சிலந்திகளைப் பற்றியும் இருவரும் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டார்கள். ஹென்ட்ஸ் தம் மகன் ஒருவனுக்கு நண்பரின் முழுப் பெயரையே சூட்டினார். அந்த நட்பு அத்தகையது.

மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் நகரில் 1823-ம் ஆண்டில் ரவுண்டு ஹில் என்ற பள்ளி தொடங்கியது. அதை நடத்தியவர்களில் ஒருவர், பின்னால் பெரிய சரித்திர ஆசிரியராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் பான்கிராப்ட். அப்பள்ளியில் ஹென்ட்ஸ் ஆசிரியராகச் சேர்ந்தார். 1824-ம் ஆண்டில் கரோலின் லீ வைட்டிங் என்ற பெண்மணியை மணந்தார். லான்காஸ்டர் என்ற சிற்றூரில் பிறந்த கரோலின், சிறுமியாக இருந்தபோதே கவிதையும் நாடகமும் எழுதியவர். கணவரும் சும்மா இருக்கவில்லை. லெனாப்பே என்ற செவ்விந்தியக் குலத்தின் தலைவனைக் கதாநாயகனாக வைத்து அவர் எழுதிய நாவல் 1825-ம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் எழுத்தாளர் என்ற புகழ் பிற்காலத்தில் மனைவிக்கே கிடைத்தது.

எட்டுக் கண்களின் கணக்கு

1826-ம் ஆண்டில் ஹென்ட்ஸ், வட கரோலினா சர்வகலாசாலையில் நவீன மொழிப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அது சேப்பல் ஹில் என்ற ஊரில் இருந்தது. வகுப்பறையில் பிரெஞ்சு இலக்கணம். வெளியே வந்தால் காடும் வயலும் சிலந்திகளும்.

அந்த ஊருக்கு ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன் என்ற நீக்ரோ அடிமை அடிக்கடி வருவார். மாணவர்களுக்காகக் கவிதை கட்டிக் கொடுத்துக் காசு பெறுவார். கவிதையை வாயால் சொல்லத் தெரியுமே தவிர, எழுதத் தெரியாது. கரோலின் அவருடைய பாடல்களைத் திருத்திக் கொடுத்து, தம் சொந்த ஊர்ப் பத்திரிகையில் அச்சிடச் செய்தார். 1829-ம் ஆண்டில் ஹார்ட்டனின் கவிதைகள் புத்தகமாகவே வெளிவந்தன.

பேராசிரியரின் கையில் இருந்தது வேறு வேலை. அக்காலத்தில் அமெரிக்கச் சிலந்திகளைப் பற்றி முறையான நூல் ஒன்றும் கிடையாது. பறவைகளுக்கும் செடிகளுக்கும் ஆள் இருந்தார்கள். சிலந்தியை யார் சீந்துவார்கள்? ஐரோப்பாவில் மட்டும் வால்க்கனார் என்ற பிரெஞ்சு அறிஞர் சிலந்திகளை வகைப்படுத்தும் வழி ஒன்றைக் காட்டியிருந்தார். சிலந்தியின் கண்கள் எத்தனை, அவை முகத்தில் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். ஆனால் அவை நிற்கும் வரிசை இனத்துக்கு இனம் மாறும். கண் வரிசையோடு, அந்தச் சிலந்தி வலை பின்னுமா, ஓடிப் பிடிக்குமா, குதித்துப் பிடிக்குமா என்ற பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதன் கூட்டம் தெரிந்துவிடும்.

ஹென்ட்ஸ் இந்த வழியைப் பின்பற்றினார். கையில் ஒரு பெருக்குக் கண்ணாடி. சிற்றோவியம் பழகிய விரல்கள். ஒவ்வொரு சிலந்தியையும் பிடித்து, உடலை வண்ணத்தோடு வரைந்தார். பக்கத்தில் கண் வரிசையைத் தனியாகப் பெரிதாக்கி வரைந்தார். கால்களின் நீளத்தை அளந்து, எது நீண்டது, எது குட்டை என்று குறித்தார். பாரிஸ் பிரபுக்களின் முகத்தை வரையக் கற்ற கை, கரோலினாவின் கல்லடியில் கிடந்த பூச்சிகளின் முகத்தை வரைந்தது.

1832-ம் ஆண்டில் அவருடைய கட்டுரை அமெரிக்க விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தது. அதில் புதிய பேரினங்கள் சில அறிமுகமாயின. மற்றச் சிலந்திகளின் வலைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, வலைக்காரச் சிலந்தியையே தின்றுவிடும் கொள்ளைக்காரச் சிலந்திகளுக்கு மிமெட்டஸ் என்று பெயரிட்டார். பச்சை இலையோடு இலையாகப் பதுங்கும் அழகிய சிலந்தி ஒன்றுக்கு விரிடன்ஸ் என்று பெயரிட்டார். வலை பின்னாமல் தரையில் அலையும் ஒரு கூட்டத்துக்கு ஹெர்பில்லஸ் என்று பெயர் கொடுத்தார். அந்தப் புதிய வீட்டில் பாதிரிச் சிலந்தி குடியேறியது.

ஊர் ஊராய்த் திரிந்த வாழ்க்கை

இந்தக் கட்டுரை வெளிவந்தபோது ஹென்ட்ஸ் பேராசிரியராக இல்லை. 1830-ம் ஆண்டில் அந்தப் பதவியை விட்டுவிட்டு, கென்டக்கி மாநிலத்துக் கவிங்டன் நகருக்குப் போய்ப் பெண்கள் பள்ளி நடத்தத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் ஆற்றின் அக்கரையில் உள்ள சின்சினாட்டிக்கு மாறினார். 1834-ல் தெற்கே அலபாமா மாநிலத்து பிளாரன்ஸ் நகர். அங்கே லோகஸ்ட் டெல் என்ற பெண்கள் பள்ளியைக் கணவனும் மனைவியும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் நடத்தினார்கள். அவர்கள் நிலையாகத் தங்கிய இடம் அது ஒன்றுதான். பிறகு டஸ்கலூசா, பிறகு டஸ்கீகி, பிறகு ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ்.

இந்த ஓட்டத்துக்கு வறுமை மட்டும் காரணமன்று. ஹென்ட்ஸ் கூரிய அறிவாளி. ஆனால் நிலை கொள்ளாத மனத்தினர். எளிதில் பயப்படுவார், எளிதில் சந்தேகப்படுவார். மனைவி அழகும் பேச்சுத் திறமும் உள்ளவர். அவரிடம் மற்றவர்கள் மதிப்போடு பழகினால்கூடக் கணவருக்குப் பொறுக்காது. சின்சினாட்டியைவிட்டு அவசரமாகக் கிளம்பியதற்கும் இந்தப் பொறாமையே காரணம் என்று அவர்களுடைய மகன் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

காலை முதல் மாலை வரை பள்ளிக்கூடம். தங்கிப் படிக்கும் பெண்களின் சாப்பாடு, படிப்பு, பராமரிப்பு எல்லாம் வீட்டுப் பொறுப்பு. பக்கத்தில் விஞ்ஞான நூலகம் இல்லை. கலந்து பேச இன்னொரு சிலந்தி அறிஞர் இல்லை. ஐரோப்பாவில் புதிதாக வரும் நூல்கள் அலபாமாவுக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. ஆனாலும் ஓய்வு கிடைத்த நேரத்தில் கல்லைப் புரட்டுவதையும், பட்டையை உரிப்பதையும் அவர் நிறுத்தவில்லை. ஒவ்வோர் ஊர் மாறும்போதும் புதிய சிலந்திகள் கிடைத்தன. மற்றவர்களுக்கு அலைச்சலாகத் தோன்றிய வாழ்க்கை, அவருடைய படக்கட்டுக்கு மட்டும் லாபமாக இருந்தது.

சிக்கல் அச்சில்தான் ஏற்பட்டது. சிலந்திப் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடச் செலவு அதிகம். பள்ளி ஆசிரியரால் தாங்கக் கூடியதன்று. 1832-ம் ஆண்டுக் கட்டுரைக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1842-ல்தான் பாஸ்டன் இயற்கை வரலாற்றுக் கழகம் தன் சஞ்சிகையில் அவருடைய விளக்கங்களையும் படங்களையும் வெளியிடத் தொடங்கியது. 1850 வரை தவணை தவணையாக அவை வெளிவந்தன. குதிக்கும் சிலந்திகள், ஓநாய்ச் சிலந்திகள், எறும்பு வேஷம் போடும் சிலந்திகள் என்று நூற்றுக்கு மேற்பட்ட சிலந்திகள் அதில் இடம்பெற்றன. 1847-ம் ஆண்டுப் பகுதியில் ஹெர்பில்லஸ் கூட்டத்தில் மேலும் பல புதிய சிலந்திகளை அவர் சேர்த்தார்.

ஆனால் அதற்குள் ஆசிரியரின் உடலும் மனமும் தளர்ந்துவிட்டன. 1840-களின் இறுதியில் பள்ளி நடத்தும் சக்தி அவருக்கு இல்லாமல் போயிற்று. குடும்ப பாரம் கரோலினின் பேனாவின்மேல் விழுந்தது. நோயாளிக் கணவரின் படுக்கை அருகே அமர்ந்து, அவர் நாவலுக்கு மேல் நாவலாக எழுதித் தள்ளினார். அவை ஆயிரக்கணக்கில் விற்றன. சின்சினாட்டியில் ஒரே இலக்கியக் குழுவில் பழகியவர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ. அந்த அம்மையார் அடிமை முறையை எதிர்த்து எழுதிய நாவல் 1852-ல் வந்தது. கரோலினோ 1854-ல் அடிமை முறைக்கு ஆதரவாகவே ஒரு நாவல் எழுதினார். ஓர் அடிமையின் கவிதையை அச்சேற்றிய அதே கை அதையும் எழுதியது. அந்தக் கறையைச் சரித்திரம் மறக்கவில்லை.

ஒரே ஆண்டில் மூன்று மரணங்கள்

ஹென்ட்ஸ் தம்பதிகளின் மகன் சார்ல்ஸ், புளோரிடா மாநிலத்து மரியானா என்ற ஊரில் மருத்துவராக இருந்தார். கடைசிக் காலத்தில் பெற்றோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

1856-ம் ஆண்டு பிறந்தது. ஜனவரி மாதத்தில் வடக்கே நண்பர் ஹாரிஸ் காலமானார். பிப்ரவரி 11-ந் தேதி, நுரையீரல் காய்ச்சல் கண்டு கரோலின் காலமானார். சிலந்திகளைப் புரிந்துகொண்ட நண்பரும் போனார். குடும்பத்தைத் தாங்கிய மனைவியும் போனார். அதே ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ஹென்ட்ஸும் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 59. மரியானாவின் செயின்ட் லூக் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நாவலாசிரியையின் மரணம் பத்திரிகைகளில் பெரிய செய்தி. கணவரின் மரணம் அவ்வாறு பேசப்படவில்லை. அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த மாதிரிச் சிலந்திகளும் காலப்போக்கில் அழிந்துவிட்டன. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. புதிய உயிர் ஒன்றுக்குப் பெயரிட்டால், அந்தப் பெயருக்குச் சாட்சி அந்த மாதிரி உடல்தான். சாட்சி போய்விட்டால் வழக்கு நிற்குமா?

படங்கள் சாட்சி சொல்லின

நின்றது! காரணம் அந்தப் படங்கள்.

1875-ம் ஆண்டில் பாஸ்டன் கழகம், ஹென்ட்ஸின் சிலந்திக் கட்டுரைகள் முழுவதையும் திரட்டி ஒரே நூலாக வெளியிட்டது. பதிப்பித்தவர் எட்வர்ட் பர்ஜஸ். குறிப்புகள் எழுதியவர் ஜேம்ஸ் எமர்ட்டன். எமர்ட்டன் தாமே சிலந்திகளை வரைவதில் வல்லவர். ஹென்ட்ஸின் படத்தையும் உயிருள்ள சிலந்தியையும் ஒப்பிட்டு, இது இன்னது என்று அடையாளம் காட்ட அவரால் முடிந்தது. சிலந்தி உடல்கள் தூசியாகிப் போனாலும், சிற்றோவியக்காரர் தீட்டிய கோடுகள் சாட்சிக் கூண்டில் ஏறின.

இருந்தாலும் சில வழக்குகளில் ஹென்ட்ஸ் தோற்றார். விஞ்ஞானப் பெயர்களில் ஒரு சட்டம் உண்டு. ஒரே உயிருக்கு இருவர் பெயரிட்டிருந்தால், முதலில் வெளியிட்ட பெயரே செல்லும். ஹென்ட்ஸின் படங்கள் அச்சுக்காகக் காத்திருந்த காலத்தில், 1837-ல் வால்க்கனார் தம் பெரிய நூலை வெளியிட்டார். ஜார்ஜியாவில் வாழ்ந்த ஜான் ஆபட் என்ற ஆங்கிலேய ஓவியர் பல ஆண்டுகளுக்கு முன் வரைந்த சிலந்திப் படங்கள் வால்க்கனாருக்குக் கிடைத்திருந்தன. அந்தச் சிலந்திகளைக் கண்ணால் பாராமலே, படத்தை மட்டும் பார்த்து அவற்றுக்குப் பெயரிட்டுவிட்டார். உயிரோடு பிடித்து ஆராய்ந்த ஹென்ட்ஸ் பின்தங்கினார். இவ்வாறே, தோட்டங்களில் வாழும் கறுப்பும் மஞ்சளுமான பெரிய வலைச் சிலந்திக்கு ஹென்ட்ஸ் இட்ட பெயரும் செல்லாமல் போயிற்று. லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞர் 1833-லேயே அதற்குப் பெயரிட்டிருந்தார். அச்சுக்குப் பணமில்லாத ஆசிரியர் கொடுத்த விலை அது.

அடுத்தது ஹெர்பில்லஸ் வீட்டின் கதை. வலை பின்னாது, தரையில் ஓடுகிறது, கண் வரிசையும் ஒத்திருக்கிறது என்றால் ஹென்ட்ஸ் அந்தச் சிலந்தியை ஹெர்பில்லஸில் சேர்த்துவிட்டார். பிற்காலத்தில் நுண்ணோக்கிகள் சிறந்தன. கண் வரிசை மட்டும் போதாது என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். உடலின் பின்னால் நூல் விடும் காம்புகள் எப்படி இருக்கின்றன? ஆண் சிலந்தியின் முகத்தருகே உள்ள உணர்கொம்பின் நுனியும், பெண்ணின் அடிவயிற்றுத் தகடும் எப்படி அமைந்திருக்கின்றன? பூட்டும் சாவியும் போல இவை இனத்துக்கு இனம் வேறுபடும். இந்தச் சோதனையில், ஒரே வீட்டில் இருந்தவர்கள் உறவினரே அல்லர் என்று வெளிப்பட்டது.

உண்மையான தரைச் சிலந்திக்கு நூல் காம்புகளில் முன் இரண்டும் குழாய் போல நீண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். அவற்றிலிருந்து வரும் பசையுள்ள நூலால் இரையின் காலைக் கட்டிப்போட்டு அடக்குகிறது என்று 2017-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆனால் ஹென்ட்ஸ் ஹெர்பில்லஸில் சேர்த்த சிலந்திகள் சிலவற்றுக்கு இந்த அமைப்பு இல்லை. சிவப்புப் புள்ளிகளோடு, எறும்பைப் போல விறுவிறுவென்று நடக்கும் அவை காஸ்டியனைரா என்ற பேரினத்துக்குப் போயின. அதன் குடும்பமே வேறு. இரட்டைக் கோடுள்ள இன்னொன்று தரைச் சிலந்திக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தாலும், செசோனியா என்ற தனி வீட்டுக்குப் போயிற்று.

1977-ல் நியூயார்க் நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், வட அமெரிக்க ஹெர்பில்லஸ் சிலந்திகள் முழுவதையும் திருத்தி அமைத்த நூலை வெளியிட்டது. ஆராய்ந்தவர்கள் நார்மன் பிளாட்னிக்கும் முகம்மது ஷதாப்பும். எல்லா அறைகளையும் திறந்து பார்த்து, தகுதி உள்ளவர்களை மட்டும் அங்கே இருத்தினார்கள்.

ஆனால் ஒருவரை மட்டும் யாரும் வெளியேற்ற முடியாது. ஒரு பேரினத்துக்கு மாதிரியாக அமைந்த சிற்றினம் எதுவோ, அந்த வீட்டின் பட்டா அதன் பெயரில்தான் இருக்கும். ஹெர்பில்லஸ் வீட்டின் பட்டாக்காரர் பாதிரிச் சிலந்தி. அது உள்ளவரை அந்த வீட்டுப் பெயரும் ஹென்ட்ஸின் பெயரும் இருக்கும்.

அடைப்புக்குறிக்குள் ஒரு புகழ்

விஞ்ஞான நூல்களில் ஓர் உயிரின் பெயருக்குப் பின்னால், பெயரிட்டவரையும் ஆண்டையும் எழுதுவது வழக்கம். அவர் வைத்த பேரினத்திலேயே அந்த உயிர் இன்றும் இருந்தால் பெயரை அப்படியே எழுதுவார்கள். வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். வீட்டை மாற்றினாலும், முதன்முதலில் இந்த உயிரைக் கண்டு சொன்னவர் இவரே என்று ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது.

உலகச் சிலந்திப் பட்டியலைப் புரட்டினால், பாதிரிச் சிலந்திக்குப் பக்கத்தில் ஹென்ட்ஸ், 1832 என்று அடைப்புக்குறி இல்லாமல் நிற்கிறது. காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்துச் சிலந்தி இன்று கோரஸ் என்ற பேரினத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஹென்ட்ஸ், 1821. அமெரிக்கத் தோட்டங்களில் சிறுவர்களும் அறிந்த துணிச்சலான குதிக்கும் சிலந்தி பிடிப்பஸ் ஆடக்ஸ். அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஹென்ட்ஸ், 1845. பச்சைச் சிலந்தியும் அப்படியே, காஸ்டியனைராக்களும் அப்படியே. வகைப்பாட்டில் அவரைத் திருத்தியவர்கள்கூட, திருத்தும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரை எழுதியே தீரவேண்டும்.

அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு மரியாதை நடந்தது. தெற்குச் சமவெளிகளின் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி ஒன்றுக்கு 1852-ல் ஜிரார்ட் என்ற விஞ்ஞானி ஹென்ட்ஸின் பெயரைச் சூட்டினார். அதன் இன்றைய பெயர் அபோனோபெல்மா ஹென்ட்சி. அவர் இறந்து ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1945-ல் ஒரு தரைச் சிலந்திக்கும் செலோட்டஸ் ஹென்ட்சி என்று பெயர் வந்தது. கல்லைப் புரட்டித் தரைச் சிலந்திகளைத் தேடியவருக்கு, கல்லுக்கு அடியிலேயே ஒரு நினைவுச் சின்னம் கிடைத்தது.

பேராசிரியர் பதவி அவரிடம் நிலைக்கவில்லை. பள்ளிகள் நிலைக்கவில்லை. சேர்த்த சிலந்திகள் நிலைக்கவில்லை. அவர் வகுத்த வீடுகளின் சுவர்களையும் பிற்காலம் இடித்துக் கட்டிவிட்டது. ஆனால் கண்ணால் கண்டதைக் கண்டபடியே வரைந்தாரே, அந்த நேர்மை நிலைத்துவிட்டது. வகைப்படுத்துவதில் தவறு நேரலாம். அதை அடுத்தவர் திருத்திக்கொள்வார். பார்த்ததைப் பிழையாக வரைந்திருந்தால் திருத்துவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சியிராது. நிக்கலஸ் ஹென்ட்ஸ் பிழையாக வரையவில்லை. ஆகவேதான் அந்தக் கறுப்புச் சிலந்தி இன்றும் இரவு நேரத்தில் அவர் கொடுத்த பெயரோடு ஓடிக்கொண்டிருக்கிறது.